பட்டறைப் பதில்கள்: ஸ்பிட்ஃபயருக்குள் ஜிப்ஸி இன்ஜின்

கேள்வி: அண்ணா, அப்பா ஆசையாக வைத்திருந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் கார் பல வருடமாகத் தோப்பு ஷெட்டில் நிற்கிறது. இன்ஜின் பிளாக்கில் வெடிப்பு. மாருதி ஜிப்ஸியின் 1.3 லிட்டர் இன்ஜின் ஒன்று கியர்பாக்ஸோடு கிடைத்திருக்கிறது. 'இரண்டு இரும்பு ஆங்கிளை வெட்டி சேஸியில் வெல்டிங் வைத்தால் இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ஆச்சு' என்கிறார் இங்குள்ள வெல்டர். சரிதானா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. ஆங்கிளை வெட்டுவது கடைசி வேலை. இன்ஜின் எங்கே, எந்தச் சாய்வில் நிற்கப்போகிறது என்பது முதலில் முடிவாக வேண்டும். மவுண்டை முதலில் வைத்துவிட்டு இன்ஜினை அதற்கு இழுத்துப் பூட்டினால், பின்சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் ஷாஃப்ட் தினமும் அழும்.

இன்ஜின் தேர்வில் குறை இல்லை. ஜிப்ஸியில் அது நீளவாக்கில்தான் உட்காரும். நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் கியர்பாக்ஸோடு ஒட்டாமல், ஒரு குட்டி ஷாஃப்டுக்கு அப்பால் தனியாக இருக்கும். அதை ஒதுக்கிவிட்டால் ஐந்து கியர் பாக்ஸ் நேராகப் பின்சக்கரத்தை ஓட்டும்.

சேஸியை மட்டம் பார்த்து நிறுத்துங்கள். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து செயின் பிளாக்கில் தொங்கவிடுங்கள். உங்கள் வண்டியில் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் சாய்ந்து திறக்கும் என்பதால் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். இப்போது பின்னால் போய் பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலின் ஃபிளாஞ்சில், அதாவது ஷாஃப்ட் வந்து பூட்டும் முகத்தில், சாய்வு காட்டும் ஆங்கிள் மீட்டரை வையுங்கள். அது காட்டும் டிகிரிதான் முன்னால் கிராங்க் புல்லி முகத்திலும் வர வேண்டும். இரண்டு அச்சும் ஒரே கோட்டில் இருக்க வேண்டியதில்லை, இணையாக இருந்தால் போதும். ஷாஃப்ட் முனைகளில் இருக்கும் ஒவ்வொரு யூ ஜாயிண்டிலும் மடிப்பு 3 டிகிரிக்குள் நிற்கட்டும். சுத்தமாகப் பூஜ்யமும் வேண்டாம், ஊசி பேரிங் ஒரே இடத்தில் தேயும். ஸ்பிட்ஃபயரில் டிஃபரன்ஷியல் சேஸியோடு போல்ட் ஆகியிருப்பதால் ஸ்ப்ரிங் ஏறி இறங்கினாலும் இந்தச் சாய்வு மாறாது. அம்பாசிடர் மாதிரி டிஃபரன்ஷியலும் சேர்ந்தே ஏறி இறங்கும் கட்டை ஆக்ஸில் வண்டிக்கு இவ்வளவு நிம்மதி கிடையாது.

சாய்வு சரியானதும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மாட்டிப் பாருங்கள். மவுண்ட் வைக்கலாம் என்று நீங்கள் ஆசைப்பட்ட இடத்தில்தான் அது இறங்கும். அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைச் சுற்றி 15 முதல் 20 மில்லி இடைவெளி விடுங்கள், ரப்பரில் உட்கார்ந்த இன்ஜின் அசையும். இதற்கெல்லாம் பிறகு மவுண்ட் பிராக்கெட்டுக்கு அட்டையில் டெம்ப்ளேட் வெட்டுங்கள்.

வெல்டர் சொன்ன அந்த இரும்பு ஆங்கிள் ஏன் போதாது என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். இந்த இன்ஜினின் டார்க் (முறுக்கு விசை) சுமார் 100 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் அது மூன்றரை மடங்காகும், 350 என்று வையுங்கள். ஷாஃப்டை எவ்வளவு முறுக்குகிறதோ, அதே அளவு இன்ஜின் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். இரண்டு மவுண்டுக்கும் நடுவில் அரை மீட்டர் என்றால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 70 கிலோ. கிளட்சைப் பட்டென்று விட்டால் இன்னும் கூடும். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் இடது பக்கம் மேலே எழும்பும், வலது பக்கம் அழுந்தும். அதனால் பழைய கார்களில் முதலில் கிழிவது பெரும்பாலும் இடது மவுண்ட்தான்.

பிராக்கெட்டுக்கு 5 அல்லது 6 மில்லி எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) தகடு எடுங்கள். மூலையில் முக்கோணத் தாங்கு ஒன்று கட்டாயம். சேஸித் தகடு மெல்லிசு. அதில் கனமான பிராக்கெட்டை நேராக வெல்டிங் வைத்தால் வெல்டிங் நிற்கும், பக்கத்துத் தகடு கிழியும். முன் சஸ்பென்ஷன் டவரில் பழைய மவுண்ட் பிடித்திருந்த ஓட்டைகளிலேயே 8.8 கிரேடு போல்ட்டால் மாட்டுகிற மாதிரி செய்யுங்கள். நாளைக்குப் பழைய இன்ஜினைத் திரும்ப வைக்க மனசு வந்தால் சேஸி வெட்டுப்படாமல் இருக்கும். ஜிப்ஸி பிளாக் அலுமினியம். அதில் இருக்கும் மவுண்ட் ஓட்டை எல்லாவற்றையும் பயன்படுத்துங்கள். மரை ஆழம் போல்ட் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு பிடிக்கட்டும்.

அங்கங்கே புள்ளி வெல்டிங் (டேக்) வைத்ததும் பிராக்கெட்டைக் கழற்றி வெளியே வைத்து முழு வெல்டிங் முடியுங்கள். ரப்பரை வைத்துக்கொண்டே வெல்டிங் அடிப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ஒன்று மட்டும் உரிமையோடு கேட்கிறேன். பழைய பிளாக் வார்ப்பிரும்பு. வெடிப்பை வெல்டிங் சூடு இல்லாமல் குளிர்முறையில் உலோகத் தையல் போட்டு மூடலாம். பம்ப்பும் மோட்டாரும் வார்க்கிற கோயம்புத்தூரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அதை ஒருவரிடம் காட்டாமலா தூக்கிப் போடப்போகிறீர்கள்?

கேள்வி: அண்ணா, நானும் வீட்டுக்காரரும் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் வேறு இன்ஜின் வைத்தோம். ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி விறைப்பாக இருக்கட்டும் என்று ரப்பரே இல்லாமல் இரும்போடு இரும்பாக மவுண்ட் போட்டுக்கொடுத்தார்கள். ஐடிலில் கண்ணாடி நடுங்குகிறது. பிராக்கெட்டில் மயிரிழை வெடிப்பும் தெரிகிறது.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மணி, நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை உதறும். 800 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 27 உதறல். ரப்பர் இல்லையென்றால் அத்தனையும் சேஸிக்கும் வெல்டிங் ஓரத்துக்கும்தான் போகும். வெடித்த பிராக்கெட்டின் மேல் மறுபடி வெல்டிங் பூசாதீர்கள், புதிதாகச் செய்யுங்கள்.

ரப்பரின் கடினம் ஷோர் ஏ அளவில் 55 முதல் 60 என்று கேட்டு வாங்குங்கள். யூரித்தேன் புஷ் போட்டாலும் அதிர்வு கொஞ்சம் உள்ளே வரும். ரோட்டு வண்டிக்கு ரப்பரே என் கட்சி. இரண்டு பக்கமும் 45 டிகிரி போலச் சாய்த்து வையுங்கள். ரப்பர் அழுத்தத்தைத் தாங்கும், வெட்டு விசையையும் தாங்கும், இழுவைக்குத்தான் நோஞ்சான். ரப்பர் கிழிந்தாலும் இன்ஜின் கையோடு வந்துவிடாதபடி ஒரு தகட்டுக் கொக்கி மேலே இருக்கட்டும். எக்ஸாஸ்ட் பக்கம் வெப்பத் தடுப்புத் தகடு, ஆயில் சொட்டாத இடம், இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இன்ஜின் மாற்றினால் ஆர்சி புத்தகத்தில் ஏற்றிக்கொடுப்பார்களா?
– வாசகர், கரூர்

பதில்: வேறு கம்பெனி இன்ஜினுக்குச் சுலபமாக நடக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. இன்னொன்று, 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு உண்டு. சேஸியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்த வாய்ப்பும் போகும். வெட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ ஆபீசில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். முடித்துவிட்டுப் போய் நிற்காதீர்கள்.

கேள்வி: புதிதாக மவுண்ட் செய்த பிறகு ஸ்டார்ட் பண்ணும்போதெல்லாம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் சுடுகிறது. மவுண்டுக்கும் கேபிளுக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், சங்ககிரி

பதில்: ரப்பர்தான் சம்பந்தம். இன்ஜின் இப்போது சேஸியைத் தொடாமல் நிற்கிறது. இன்ஜினையும் சேஸியையும் இணைக்கும் எர்த் பட்டையை மாட்ட மறந்திருக்கிறார்கள். ஸ்டார்ட்டருக்கான கரண்ட் திரும்பிப் போக வேறு வழியில்லாமல் கேபிள் வழியாக ஓடுகிறது. கியர்பாக்ஸிலிருந்து சேஸிக்கு ஒரு தடித்த பின்னல் பட்டை போடுங்கள், பெயிண்டைச் சுரண்டிவிட்டு. அந்த கேபிளையும் மாற்றுங்கள், உள்ளே உருகியிருந்தால் ஆக்ஸிலரேட்டர் நடுரோட்டில் ஒட்டிக்கொள்ளும்.