அம்மாவின் வீல்சேருக்குச் சாதாரண கேபின் சரிப்படாது

அம்மாவால் நாலு எட்டுக்கு மேல் நடக்க முடியாது, சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போகும் கப்பலில் பால்கனி கேபின் மலிவாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள், பணம் கட்டிவிடாதீர்கள். சாதாரண கேபினில் தண்ணீர் வெளியே வராமலிருக்கக் குளியலறை வாசலில் ஒரு மேடு வைத்திருப்பார்கள், வீல்சேர் அங்கேயே நின்றுவிடும். பல கப்பல்களில் கேபின் கதவுக்குள்ளேயே நுழையாது. மாற்றுத்திறனாளிகளுக்கென்றே உள்ள கேபினைக் கேளுங்கள். கதவு அகலம், தரை ஒரே மட்டம், உட்கார்ந்து குளிக்க மடக்கு இருக்கை, சுவரில் கைப்பிடி எல்லாம் இருக்கும். எண்ணிக்கை குறைவு என்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அடுத்த சிக்கல் புக்கெட். பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையிலேயே கட்டி நிற்கும், தள்ளிக்கொண்டே இறங்கிவிடலாம் (கடல் மட்டத்தைப் பொறுத்து இறங்குபாலம் செங்குத்தாகும், ஊழியரைக் கூப்பிடுங்கள்). புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பட்டோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிட்டு, சின்னப் படகில்தான் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். கப்பலுக்கும் ஆடுகிற படகுக்கும் நடுவே இரண்டு எட்டாவது சொந்தக் காலில் வைக்க முடியாதவர்களைப் பல கம்பெனிகள் ஏற்றமாட்டார்கள், அலை அதிகமென்றால் கெஞ்சினாலும் நடக்காது. அன்று அம்மா கப்பலிலேயே இருக்க வேண்டியிருக்கலாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள். என்னைக் கேட்டால், கூட்டமில்லாத கப்பல் ஒன்றும் மோசமில்லை.

வீல்சேர் நம்முடையதே வேண்டும், கப்பலில் உள்ளவை பெரும்பாலும் ஏற இறங்க மட்டும்தான். பேட்டரி வண்டி என்றால் அகலம், எடை, பேட்டரி வகையை முன்பதிவிலேயே எழுதிக் கொடுங்கள். கேபினுக்குள்தான் சார்ஜ் போடணும், நடைவழியில் நிறுத்த விடமாட்டார்கள். அவசரகாலத்தில் லிஃப்டை நம்ப முடியாது, அதனால் கப்பல் ஏறிய அன்றே அம்மாவைப் படியில் தூக்கிப்போக ஆள் வேண்டும் என்று வரவேற்பு மேசையில் பதிந்துவிடுங்கள்.