கார்பெட்டுக்குப் பொடி போடலாம், எந்தப் பொடி என்பதுதான் கேள்வி

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். ஒரு கண்காட்சியில் 9 அடிக்கு 6 அடி பதோஹி கம்பளி கார்பெட் வாங்கி ஹாலில் போட்டிருக்கிறோம். அதன் அடிப்பக்கம் முழுவதும் வெளிர்நிறத் துணி ஒட்டியிருக்கிறது. சென்ற ஐப்பசியில் மொட்டை மாடியில் விரித்து, துணி துவைக்கும் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து அலசினோம். காய்வதற்கு நாலைந்து நாள் ஆயிற்று. அன்றிலிருந்து ஒரு முடைநாற்றம் போகவே இல்லை. தண்ணீரே தொடாமல், ஆப்ப சோடாவைத் தூவி வாக்குவம் கிளீனரால் உறிஞ்சினால் போதும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். செய்யலாமா? தவழும் குழந்தை இருக்கிறாள், கணவருக்கு வீசிங் தொந்தரவு உண்டு. நடுவில் ஒரு சாம்பார் கறையும் இருக்கிறது.

பதில்: பொடி போடலாம். உங்கள் கார்பெட்டுக்குப் பொருத்தமான வழியும் அதுதான். ஆனால் ஆப்ப சோடா அந்த வேலையைச் செய்யாது. நாற்றத்தைச் சில நாட்களுக்கு மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். அழுக்கை எடுக்கும் பொடி வேறு. அதற்கு வருவதற்கு முன், தண்ணீர் ஏன் இந்தப் பாடு படுத்தியது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

அடியில் துணி ஒட்டியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும். உங்களுடையது டஃப்டட் வகை. இழுத்துக் கட்டிய துணியில் துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்தி இறக்கி, அது உருவிக்கொண்டு வராமல் இருக்கப் பின்னால் லேடெக்ஸ் எனும் ரப்பர் பசை பூசி, பசையை மறைக்க இன்னொரு துணியை ஒட்டுவார்கள். உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் வட்டாரத்தில் இந்த வகையும் நெய்கிறார்கள், கையால் முடிச்சுப் போட்ட வகையும் நெய்கிறார்கள். பதோஹியின் கைவினைக் கம்பளங்களுக்கு 2010-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. முடிச்சுக் கார்பெட்டைப் புரட்டினால், மேலே தெரியும் பூவேலைப்பாடு பின்பக்கமும் அப்படியே தெரியும். அதில் பசை கிடையாது. நல்ல கைகளில் அது தண்ணீரைத் தாங்கும். டஃப்டட் தாங்காது.

கம்பளி நூல் தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டும், தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். அதற்குக் கீழே லேடெக்ஸ், அதற்கும் கீழே பருத்தித் துணி. நடுவில் மாட்டிய தண்ணீர் மேலேயும் வர முடியாமல் கீழேயும் போக முடியாமல் தவிக்கும். நனைந்த கார்பெட் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முழுதாகக் காய்ந்துவிட வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். நீங்கள் அலசியது வடகிழக்குப் பருவமழைக் காலம். காற்றே ஈரமாக இருக்கும்போது கார்பெட் எப்படிக் காயும்? உங்கள் மூக்குக்கு எட்டும் நாற்றம் மேலே உள்ள கம்பளியிலிருந்து வருவதைவிட, பின்துணியிலிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம்.

சோப்புத்தூளும் தன் பங்குக்குக் கெடுத்திருக்கும். துணி துவைக்கும் தூள் நல்ல காரத்தன்மை கொண்டது. கம்பளியோ நம் தலைமுடியைப் போலப் புரதத்தால் ஆனது, காரம் அதை அரிக்கும். அலசியும் போகாத சோப்பு, காய்ந்த பிறகு பிசுக்காக நூலில் தங்கி, காலில் வரும் தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். துவைத்த பிறகு கார்பெட் முன்னைவிடச் சீக்கிரம் அழுக்காவதைக் கவனித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதற்குக் காரணம் இதுதான்.

இப்போது ஆப்ப சோடா. அது லேசான காரம். கார்பெட்டில் உள்ள புளித்த, அமிலத்தன்மை கொண்ட நாற்றப் பொருள்களோடு சேர்ந்து அவற்றைச் செயலிழக்கச் செய்யும். பால் சிந்தி நாறினாலோ, குழந்தை எதுக்களித்திருந்தாலோ உண்மையிலேயே உதவும். ஆனால் நூலில் ஒட்டிய அழுக்கை விடுவிக்கும் சக்தி அதற்கு இல்லை. வீட்டில் நடந்து நடந்து படியும் அழுக்கு இரண்டு விதம்: ஒன்று மணலும் தூசியும், மற்றது எண்ணெய்ப் பிசுக்கு. உள்ளங்காலின் எண்ணெய், சமையலறையிலிருந்து காற்றில் வரும் தாளிப்புப் புகை, இவையெல்லாம் நூலின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து தூசியைப் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் படலத்தை இளக்காமல் மேலே எந்தக் காய்ந்த பொடியைத் தூவினாலும், அழுக்கு இருக்கும் இடத்தில் பொடியும் சேரும். ஆப்ப சோடா மிக நுண்ணிய தூள் வேறு. ஒரு பங்கு அடியில் போய்த் தங்கும், இன்னொரு பங்கு வாக்குவம் கிளீனரின் ஃபில்டரை அடைத்து மோட்டாரைச் சூடாக்கும்.

அதனால்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ‘உலர் பொடி’ என்று சொல்வது உண்மையில் முழுக்க உலர்ந்த பொடி அல்ல. மரத்தூள், சோளத்தக்கை, தாவர நார் போன்ற உறிஞ்சும் பொருளைக் குருணையாக்கி, அதில் சிறிதளவு தண்ணீரும் மென்மையான சோப்பும் எண்ணெயைக் கரைக்கும் திரவமும் ஊற வைத்திருப்பார்கள். கையில் எடுத்தால் புட்டுக்குப் பிசிறிய மாவு போல இருக்கும்: பிடித்தால் பிடிபடும், விரலால் தட்டினால் உதிரும், உள்ளங்கையில் ஈரம் தெரியும், ஆனால் ஒரு சொட்டும் வடியாது. அந்த ஈரம் படலத்தை இளக்குகிறது. இளகிய அழுக்கைக் குருணை உறிஞ்சிக்கொள்கிறது. காய்ந்ததும் குருணையோடு சேர்ந்து அழுக்கும் வாக்குவம் கிளீனருக்குள் போகிறது. ஈரம் நூலோடு நின்றுவிடும், லேடெக்ஸ் வரை இறங்காது. சென்னைக் காற்றுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் ரேசின் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் ‘ஹோஸ்ட்’ இந்த வகைதான். வேறு நிறுவனங்களும் செய்கின்றன. எதை வாங்கினாலும் ‘கம்பளிக்கு ஏற்றது’ என்று பாக்கெட்டில் இருக்க வேண்டும், அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 5-க்கும் 8-க்கும் இடையே இருக்க வேண்டும். வாசனை சேர்க்காததாகப் பாருங்கள். கணவரின் வீசிங்குக்காக இதை அழுத்திச் சொல்கிறேன். வெறும் வாசனைப் பொடியை ‘கார்பெட் பவுடர்’ என்ற பெயரில் விற்பார்கள்; திறந்தால் மைதா போலக் காய்ந்து பறந்தால் அது நாற்றத்தை மறைக்க மட்டுமே உதவும்.

பொடியைப் பிரிப்பதற்கு முன் இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, கார்பெட்டை நிஜமாகவே காய வைப்பது. மழை இல்லாத, காற்றில் ஈரம் குறைந்த நாளாகப் பார்த்து, நான்கு நாற்காலிகளின் மேலோ பின்னல் கட்டிலின் மேலோ துணிப்பக்கம் கீழே வரும்படி விரியுங்கள். அடியில் ஒரு மேஜை மின்விசிறி, மேலே சீலிங் ஃபேன். ஏசி அறை இருந்தால் இன்னும் நல்லது, ஏசி ஈரத்தை இழுத்துவிடும். ஒரு நாள் முழுவதும் அப்படியே விடுங்கள். கடும் வெயிலில் போடாதீர்கள், சூடு லேடெக்ஸை மொறுமொறுப்பாக்கி உடைக்கும்.

இரண்டாவது, தூசி எடுப்பது. இதைத்தான் எல்லோரும் அவசரமாகக் கடந்து போகிறார்கள். கார்பெட்டில் இருக்கும் அழுக்கில் பெரும்பங்கு காய்ந்த மணலும் தூசியும்தான். அதை எடுக்காமல் ஈரப்பொடியைப் போட்டால் உள்ளேயே சேறு குழைப்பீர்கள். முதலில் கார்பெட்டைக் கவிழ்த்து, பின்பக்கத்தின் மேல் வாக்குவம் கிளீனரை மெதுவாக ஓட்டுங்கள். அந்த அதிர்வில் அடிமணல் கீழே உதிரும். புரட்டி எடுத்தால் டைல்ஸ் தரையில் மணல் கோடு கோடாகக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். அதைக் கூட்டிவிட்டு, மேல்பக்கத்தைக் குறுக்கும் நெடுக்குமாக, ஒரே இடத்தில் நான்கைந்து முறை, அவசரமில்லாமல் உறிஞ்சுங்கள். சுழலும் பிரஷ் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள், குறிப்பாகக் குஞ்சம் உள்ள ஓரங்களில். கைப்பிடிச்சுவரில் போட்டுக் கம்பால் அடிக்கும் பழக்கம் முடிச்சுக் கார்பெட்டுக்குச் சரி, உங்களுடையதற்கு வேண்டாம்.

பிறகு பொடி. முதலில் சோஃபாவுக்கு அடியில் மறையும் ஒரு மூலையில் கொஞ்சம் போட்டு, வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் சாயம் ஒட்டினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஒட்டவில்லை என்றால், பாக்கெட்டில் சொன்ன அளவை மீறாமல், ஒரு சதுர மீட்டர் சதுர மீட்டராகத் தூவி, மென்மையான நைலான் பிரஷ்ஷால் எல்லாத் திசையிலும் தள்ளுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம், நூல் பஞ்சாகும். குருணை நூல்களின் இடுக்கில் இறங்கினால் போதும். அரை மணி நேரம் ஃபேன் போட்டு விட்டுவிடுங்கள். கையில் எடுத்தால் ஈரம் தெரியாத அளவுக்குக் காய்ந்ததும் உறிஞ்சுங்கள். காயாமல் எடுத்தால் பாதி உள்ளேயே தங்கும். அடுத்த நாள் இன்னொரு முறை உறிஞ்சுங்கள். இரண்டாவது முறையிலும் கணிசமாகப் பொடி வரும். வாக்குவம் கிளீனரின் பையையும் ஃபில்டரையும் அன்றே காலி செய்யுங்கள்.

வீட்டில் இருக்கும் மற்றப் பொடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்ணெய் சிந்திய உடனே கார்ன்ஃப்ளார் தூவினால் எண்ணெயை நன்றாக உறிஞ்சும், ஆனால் ஒரு மணி நேரத்தில் துளி விடாமல் எடுத்துவிட வேண்டும். தங்கினால் எறும்பும் கரப்பானும் வரும், மழைக்காலத்தில் பூஞ்சைக்கும் அது உணவு. முல்தானி மட்டியும் எண்ணெயை எடுக்கும், ஈரம் பட்டால் அதுவே கறையாகும். உப்பு வேண்டவே வேண்டாம், நம் ஊர்க் காற்றில் ஈரத்தை இழுத்துக்கொண்டு கசியும். போராக்ஸ் தூவச் சொல்லும் வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. தவழும் குழந்தை கையை வாயில் வைக்கும் இடத்தில் அதைத் தூவுவது ஆபத்து. ஆப்ப சோடாவையும் வினிகரையும் சேர்த்து ஊற்றினால் நுரை பொங்குவதைப் பார்த்துப் பலர் அழுக்கு போகிறது என்று நம்புகிறார்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, மிஞ்சுவது உப்புத் தண்ணீர் மட்டுமே.

சாம்பார் கறைக்கு வருகிறேன். அதன் மேல் ஆப்ப சோடா போட்டுவிடாதீர்கள். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் செக்கச்சிவந்து போகிறதல்லவா? மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். ஈரமான கறையில் ஆப்ப சோடா விழுந்தாலும் அதுவே நடக்கும். மஞ்சள் கறை செம்பழுப்புக் கறையாகிவிடும். குளோரின் பிளீச்சைத் தொடவே கூடாது, அது கம்பளியையே கரைத்துவிடும். உலர் பொடி சாம்பாரின் எண்ணெயை எடுக்கும், மஞ்சளின் சாயத்தை எடுக்காது. குர்குமினுக்கு ஒரு பலவீனம் உண்டு, அது வெளிச்சத்தில் வெளிறும். பொடி வேலை முடிந்த பிறகு, கறை உள்ள இடம் மட்டும் வெளியே தெரியும்படி மற்றப் பகுதியைத் துணியால் மூடி, காலை வெயில் விழும் ஜன்னலோரம் தினமும் ஒரு மணி நேரம் வைத்து வாருங்கள். சில நாட்களில் மங்கும். முழுதாகப் போகாவிட்டாலும் கண்ணை உறுத்தாது.

வீசிங் விஷயத்தில் உங்களுக்குப் பொய் நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. தூசிப் பூச்சிகள் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் செழிக்கும். சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி அதைத் தாண்டியே இருக்கிறது. பொடி அவற்றைக் கொல்லாது. வாரம் இரண்டு முறை, நுண்தூசியையும் பிடித்து வைக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்குவம் கிளீனரை ஓட்டினால் அவற்றின் கழிவில் ஒரு பங்கு குறையும். பொடி போடும் நாளில் கணவரும் குழந்தையும் அந்த அறைக்குள் வர வேண்டாம், இரண்டாம் முறை உறிஞ்சி முடிக்கும் வரை குழந்தையைக் கார்பெட்டில் விட வேண்டாம். நீங்களும் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். படுக்கையறைக்குள் மட்டும் இந்தக் கார்பெட்டைக் கொண்டுபோகாதீர்கள். இத்தனைக்குப் பிறகும் அவருக்கு இழுப்பு கூடினால், மருத்துவரிடம் கார்பெட் இருப்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

பொடிக்குப் பணம் செலவழிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒரு ஓரத்தைத் தூக்கி, அடியில் கறுப்புத் துணி விரித்து, பின்பக்கத்தை விரலால் தட்டிப் பாருங்கள். வெள்ளைத் தூள் கொட்டினால் அது தூசி அல்ல, லேடெக்ஸ் உடைந்து உதிர்கிறது. லேசாக உதிர்ந்தால் மேலே சொன்னபடி மென்மையாகச் செய்யலாம். கைப்பிடி அளவு கொட்டினாலோ, துணி பிரிந்து வந்தாலோ, பின்துணியில் கரும்புள்ளிகள் படர்ந்திருந்தாலோ, எந்தப் பொடியும் அதை மீட்காது. பூஞ்சை பிடித்ததை வீசிங் உள்ளவர் இருக்கும் வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. அப்படியானால் குழந்தை நடக்கும் வரைக்குமாவது ஹாலில் ஒரு பருத்தி பவானி ஜமக்காளத்தை விரியுங்கள். பசை இல்லாத நெசவு. சாயம் போகிறதா என்று ஒரு ஓரத்தை நனைத்துப் பார்த்துவிட்டுத் தாராளமாகத் துவைக்கலாம், கொடியில் போட்டால் ஒரு வெயிலில் காய்ந்துவிடும்.