ஐ.டி. படிப்பு இனி எடுபடுமா? கேள்வி-பதில்

கே: மகளின் கட்-ஆஃப் 172. ஐ.டி.யில் ஆட்குறைப்பு என்று தினமும் செய்தி வருகிறது. கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்கலாமா? (ஒரு தாய், நாமக்கல்)

ப: 2025 ஜூலையில் பெரிய ஐ.டி. கம்பெனியான டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னது. மொத்த ஊழியர்களில் அது 2 சதவீதம். அதிலும் பெரும்பாலோர் நடுத்தர, மேல்நிலைப் பொறுப்புகளில் இருந்தவர்கள். புதிதாக வருபவர்களுக்குச் சிக்கல் வேறு. முன்பு கல்லூரிக்கே வந்து மொத்தமாக ஆள் எடுத்து, மாதக்கணக்கில் பயிற்சியும் கொடுத்தார்கள். இப்போது எளிய கோடிங், டெஸ்டிங் வேலைகளை ஏ.ஐ. பார்த்துக்கொள்கிறது, வரும்போதே வேலை தெரிந்தவரைத்தான் கேட்கிறார்கள்.

ஆனால் இன்றைய செய்தியை வைத்து நான்கு வருடம் கழித்து வரும் நிலவரத்தைச் சொல்ல முடியாது. 2001-ல் இணைய கம்பெனிகள் வரிசையாக விழுந்த டாட்காம் சரிவில் பயந்து மெக்கானிக்கல் பக்கம் ஒதுங்கியவர்கள் படிப்பை முடித்தபோது, மென்பொருள் கம்பெனிகள் மறுபடி வளாகம் வளாகமாக ஆள் எடுத்துக்கொண்டிருந்தன. மகளுக்குக் கணக்கு பிடிக்குமா? யாரும் சொல்லாமலே புரோகிராம் எழுதிப் பார்த்திருக்கிறாளா? அப்படியானால் தாராளமாகச் சேருங்கள். பக்கத்து வீட்டுப் பையன் அமெரிக்காவில் இருக்கிறான் என்பதுதான் காரணமென்றால் வேண்டாம்.

கே: சி.எஸ்.இ. (கம்ப்யூட்டர் சயின்ஸ்), ஐ.டி., ஏ.ஐ.-டேட்டா சயின்ஸ்: எது நல்லது?

ப: முதல் இரண்டுக்கும் பெயரில்தான் பெரிய வித்தியாசம். டேட்டா ஸ்ட்ரக்சர், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க்ஸ் என்ற அடிப்படைப் பாடங்கள் எல்லாம் இரண்டிலும் உண்டு. மூன்றாவதை நடத்த அந்தக் கல்லூரியில் ஆள் இருக்கிறதா என்று சீனியர்களிடம் விசாரியுங்கள். எத்தனை செக்‌ஷன் என்பதையும் கேளுங்கள். 2024-ல், இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏ.ஐ.சி.டி.இ. இடங்களுக்கான உச்சவரம்பை நீக்கியதிலிருந்து, பெயர்பெற்ற கல்லூரிகளிலும் கம்ப்யூட்டர் வகுப்புகள் பெருகிவிட்டன. ஆசிரியர்கள் அதே வேகத்தில் பெருகுவதில்லை.

கே: சுமாரான கல்லூரியில் சி.எஸ்.இ.யா, நல்ல கல்லூரியில் இ.சி.இ.யா (எலக்ட்ரானிக்ஸ்-கம்யூனிகேஷன்)?

ப: நல்ல கல்லூரியில் இ.சி.இ.தான். மென்பொருள் கம்பெனிகள் இ.சி.இ. படித்தவர்களையும் எடுக்கின்றன. சிப் வடிவமைப்புக்கும் போகலாம்.

கே: பிளஸ் டூவில் உயிரியல்-கணிதம் குரூப். கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர அது தடையா?

ப: இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, கட்-ஆஃபுக்கு இவ்வளவுதான். முதல் வருடம் புரோகிராமிங்கை அடியிலிருந்தே ஆரம்பிப்பார்கள்.

கே: இன்ஜினியரிங் கட்டணம் கட்ட வசதியில்லை. வேறு வழி?

ப: சென்னை ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் பி.எஸ். டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. நுழைவுத்தேர்வு வேண்டாம். நான்கு வாரப் பாடம் முடித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. சோஹோ மென்பொருள் கம்பெனி நடத்தும் சோஹோ ஸ்கூல்ஸில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தே கற்றுத்தருகிறார்கள். பட்டம் கிடையாது. அதற்கு வீட்டில் சம்மதம் வாங்குவதுதான் உண்மையான நுழைவுத்தேர்வு!