பேஸ் அடிக்கிற அடியில பெடல் அலறுதா? கேள்வி-பதில்

தென்னாப்பிரிக்காவுல டர்பன் பக்கம் கல்யாண ஹாலும் கோயில் திருவிழாவுமா பேஸ் வாசிச்சே காலத்தை ஓட்டினவன் நான், அதனாலயோ என்னவோ வர்ற கேள்வியில முக்கால்வாசி ஒரே வியாதிதான்: கிட்டார்ல இருந்து சிக்னல் எக்கச்சக்கமா வருது, முதல் பெடலே (சத்தத்தை மாத்துற கால்மிதி டப்பா) திணறுது. (பேஸ்னா கிட்டார், பாஸ்னா பெடல் கம்பெனி, தயவுசெஞ்சு குழப்பிக்காதீங்க, போன வாரம் ஒருத்தர் குழப்பி எனக்குத் தலை சுத்திடுச்சு.)

சாட்ஸ்வர்த்ல இருந்து ஒரு தம்பி: அண்ணா, புதுசா அஞ்சு கம்பி ஆக்டிவ் பேஸ் (உள்ள பேட்டரி போட்டது) வாங்கினேன். ஸ்லாப் பண்ணா கோரஸ் பெடல் "டர்ர்"னு கிழியுது, நேரா ஆம்ப்ல சொருகினா சுத்தமா இருக்கு. பெடல் போச்சா?

போகல தம்பி. 9 வோல்ட் பெடலுக்குள்ள சிக்னல் நாலரை வோல்ட்டை நடுவா வச்சுக்கிட்டு மேலயும் கீழயும் ஆடும், ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சம் இடம் வீணாப் போகும், மிச்சம் ஆட்டத்துக்கு ஆறேழு வோல்ட்தான். நீங்க ப்ரீஆம்ப்ல (கிட்டாருக்குள்ள அந்த பேட்டரியில ஓடி சிக்னலை ஏத்துற சர்க்யூட்) லோ குமிழை, அதாவது கனத்த கீழ்ச்சத்தக் குமிழை, முழுசாத் திருகி வச்சுட்டு கட்டைவிரலால ஒரு சாத்து சாத்தினா அந்த ஒரு நொடி சிக்னல் போய் கூரையில முட்டுது, அதுதான் டர்ர். விரலால மெதுவா வாசிச்சுப் பாருங்க, ஒண்ணும் ஆகாது.

காசில்லாத வைத்தியம் முதல்ல. லோ குமிழை நடுவுக்குக் கொண்டாங்க, லோ வேணும்னா ஆம்ப்ல ஏத்திக்கலாம். அப்புறம் கடைசி ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்கே இருக்குற பட்டை) கம்பியை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு பிக்கப்புக்கும் (கம்பிக்குக் கீழ இருக்குற காந்தக் கட்டை) கம்பிக்கும் எவ்ளோ இடைவெளின்னு பாருங்க, கடையில இருந்து வர்றப்பவே ஒட்டி வச்சிருப்பாங்க, ரெண்டு பக்க ஸ்க்ரூவையும் அரை அரைச் சுத்தா இறக்குங்க, அடியோட பலம்கூட சமமாகும். வால்யூமையும் ஏழுல வைக்கலாம், பாசிவ் பேஸ் (பேட்டரி இல்லாதது) மாதிரி ட்ரெபிள் மங்கிடாது.

அதுக்கும் அடங்கலைன்னா சிக்னலைக் குறைக்க ஒரு பேட் கட்டிடுங்க. சின்ன டப்பா, ரெண்டு ஜாக், ரெண்டு ரெசிஸ்டர். 22 கிலோ ஓம் சிக்னல் போற வழியில, 10 கிலோ ஓம் அவுட்புட் ஜாக்ல சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல. சிக்னல் மூணுல ஒரு பங்குக்குக் கீழ, அதாவது 10 டெசிபெல் இறங்கிடும். இது ஆக்டிவ் பேஸுக்கு மட்டும், பாசிவ்ல போட்டா போர்வைக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி ஆயிடும்.

வெருலம் வாசகர்: 18 வோல்ட் குடுத்தா பெடல் தாங்குமாமே?

பெடல் மேலயோ மேனுவல்லயோ 18னு போட்டிருந்தா குடுங்க, நிஜமாவே இடம் கூடும். போடலைன்னா வேண்டாம், நிறைய பெடல்ல உள்ள இருக்குற கெப்பாசிட்டர் 16 வோல்ட் தாங்குறதுதான். நான் ஆசைப்பட்டு ஒரு டிலே (எதிரொலி) பெடலுக்குக் குடுத்தேன், ரிகர்சல் நடுவுல ஊதுபத்தி மாதிரி ஒரு கோடு புகை வந்துச்சு, வாசனைதான் வேற. இன்னொண்ணு, டிஜிட்டல் பெடலா இருந்தா 18 குடுத்தும் பிரயோஜனம் பெருசா இல்லை, உள்ள போனதும் அது 5 வோல்ட், 3.3 வோல்ட்னு இறக்கிக்கும். டிஜிட்டல் கிழியிறது காதுக்கு ரொம்பக் கேவலமா இருக்கும், அதுக்கு முன்னாடியே குறைக்கிறதுதான் வழி.

ஃபீனிக்ஸ்ல இருந்து ஒரு தங்கச்சி: ஆட்டோ-வா வாங்கினேன், "வா வா"ன்னு பேசாம "ஆ"ன்னு வாயைத் திறந்தபடியே நிக்குது.

உங்க அடியோட பலத்தைப் பாத்துதான் அது வாயைத் திறக்கும், 1972ல வந்த மியூ-ட்ரான் பெடல் காலத்துல இருந்தே கணக்கு அதுதான். சிக்னல் எப்பவும் உச்சத்துல இருந்தா அது எப்பம்மா மூடும்? சென்சிடிவிட்டியைக் குறைங்க. கம்ப்ரஸர் (சத்தத்தைச் சமப்படுத்துற பெடல்) அதுக்கு முன்னாடி இருந்தா பின்னாடி மாத்துங்க, முன்னாடி இருந்தா மெல்லடியும் வல்லடியும் ஒண்ணாயிடும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: டிரைவ் பெடல் (சத்தத்தைக் கரகரப்பாக்குறது) போட்டா கனத்த கீழ்ச்சத்தமே காணாமப் போகுது.

பிளெண்ட் குமிழ் இருக்குற பெடலா வாங்குங்க, சுத்தமான சிக்னலும் கூடவே போகும். அவ்ளோதான்.

டோங்காட் வாசகர்: ஹால்ல கரண்ட் போய் இன்வெர்ட்டர்ல ஓடினா பெடல்போர்டு பூரா "ங்ங்ங்". சவுண்ட்காரர் என் பேஸைக் குறை சொல்றார்.

2023ல லோட் ஷெடிங் (முறை வச்சுக் கரண்ட் நிறுத்துறது) உச்சத்துல இருந்தப்ப எல்லார் வீட்டுலயும் இந்தப் பாட்டுதான். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஈ கம்பியில மூணாவது ஃப்ரெட் ஜி சுரம் 49. சும்மா விட்ட ஜி கம்பி 98, கரண்டோட ரெட்டிப்பு இரைச்சல் 100. ஆக அந்த "ங்ங்ங்" உங்க ஜிக்கு கொஞ்சம் மேல உக்காந்துக்கிட்டு அபஸ்வரம் பாடுது, ஈக்யூல (ஸ்தாயி ஸ்தாயியா சத்தம் கூட்டிக் குறைக்கிற குமிழ்) வெட்டப் போனா பேஸும் சேர்ந்து போயிடும். மலிவு இன்வெர்ட்டர் படிப்படியான அலை குடுத்தா மேல ஒரு கரகரப்பும் ஒட்டிக்கும்.

ஒரு அடாப்டர்ல இருந்து மாலை மாதிரி எல்லாப் பெடலுக்கும் கோர்த்திருந்தா டிஜிட்டல் பெடலை மட்டும் கழட்டிப் பாருங்க, பாதி சத்தம் போச்சுன்னா தனித்தனி அவுட்புட் உள்ள பவர் சப்ளைக்குக் காசு சேருங்க. கம்பியைத் தொட்டா சத்தம் அடங்குதுன்னா கிட்டாருக்குள்ள ஷீல்டிங் பத்தலை. ரெண்டும் இல்லைன்னா டிஐ பாக்ஸ்ல (பேஸ் சிக்னலை மிக்ஸருக்கு அனுப்புற டப்பா) கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்க, அங்கயே 20 டெசிபெல் பேட் இருந்தா அதையும் தட்டுங்க, சவுண்ட்காரரும் வாயை மூடுவார். ஆனா நம்ம பெரிய மூணு முனை பிளக்ல எர்த் முனையை மட்டும் யாரும் வெட்டக் கூடாது. பக்கியில (வண்டியைச் சொன்னேன், திட்டலை) ஸ்பீக்கர் ஏத்திட்டு வந்த ஒரு பையன் வெட்டி வச்சிருந்தான், மைக்ல உதடு பட்டதும் பாடகர் ரெண்டடி பின்னால போனார்.

மறுபடி சாட்ஸ்வர்த் தம்பி: எல்லாம் செஞ்சேன், ஒரு மாசம் நல்லா இருந்துச்சு, இப்ப மெதுவா வாசிச்சாலே கிழியுது.

கேபிளை ராத்திரி பூரா கிட்டார்லயே சொருகி விட்டிருப்பீங்க. ஜாக் உள்ள இருந்தா ப்ரீஆம்ப் ஓடிக்கிட்டே இருக்கும். பின்மூடியைக் கழட்டி 9 வோல்ட் பேட்டரியை மாத்துங்க.