அப்பச்சிக்கு வைட்டமின் ஈ மாத்திரையைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். 72 வயது அப்பச்சிக்குச் சோர்வு தீரவில்லை, 400 யூனிட் மாத்திரையைத் தினம் இரண்டாக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றே தேவையா என்பதுதான் என் சந்தேகம். 2011-இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வில், தினம் 400 யூனிட் எடுத்த ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் சுமார் 17% அதிகம்.

வைட்டமின் ஈ மாதிரியே உயிரணுக்களைச் சேதத்திலிருந்து காக்கும் பொருள் குளுட்டாதயோன்; அதை உடம்பே தயாரிக்கிறது, வயதானால் பெரும்பாலும் குறைவது அதுதான். அதைச் செய்யப் புரதத்திலிருந்து வரும் சிஸ்டைன், கிளைசின் என்ற அமினோ அமிலங்கள் வேண்டும். வைட்டமின் ஈ அதற்கு ஈடாகாது. பல் போன பிறகு காலையும் இரவும் இட்லி, கஞ்சி என்றே ஓட்டுகிறாரா? அப்படியானால் முட்டை, பருப்பு, மீன் சேர்த்துப் பாருங்கள்.

கவுனி அரிசியும் நல்லதுதான், கருநிறத்திலேயே ஆந்தோசயனின் என்ற காப்புப் பொருள் இருக்கிறது. ஆனால் காரைக்குடிப் பக்கம் நாம் கிண்டும் கவுனியில் சர்க்கரை கொஞ்சமா! பலகாரம் சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவதையும் நிறுத்துங்கள்.

சோர்வுக்கு முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 பாருங்கள். வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறார் என்றால் வைட்டமின் ஈ ரத்தக்கசிவைக் கூட்டலாம். இன்றே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.