சிவப்புக் குமிழை விட மனமில்லை, விட வேண்டுமா?

சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரே திங்க்பேட் மடிக்கணினி. விசைப்பலகையின் நடுவில் இருக்கும் சிவப்புக் குமிழ்தான் எனக்கு மவுஸ். டச்பேட் பக்கம் விரல் போவதே இல்லை. இப்போது கணினி ரொம்ப மெதுவாகிவிட்டது. கர்சர் தானாக ஒரு பக்கம் நகர்கிறது, ஆள்காட்டி விரல் நுனியும் வலிக்கிறது. 'இதெல்லாம் பழைய காலத்துச் சாமான்மா, குமிழ் இல்லாத மெல்லிய கணினி வாங்கித் தருகிறேன்' என்கிறான் மகன். என் பிடிவாதம் வெறும் பழக்கம்தானா?"

கணினியை மாற்றுங்கள். குமிழை விட வேண்டாம். நாள் முழுக்கத் தட்டச்சு செய்யும் உங்களுக்கு என் பதில் இதுதான். நாளெல்லாம் படம் திருத்துகிறவரோ இணையத்தில் உலவுகிறவரோ கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

குமிழுக்கு டிராக்பாயிண்ட் என்று பெயர். டெட் செல்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் மனதில் 1984 வாக்கில் தோன்றிய யோசனை அது. தட்டச்சு செய்பவரின் கை விசைப்பலகையை விட்டு மவுஸுக்குப் போக ஏறத்தாழ முக்கால் நொடி ஆகிறது, திரும்பி வரவும் அதே அளவு ஆகிறது என்று ஓர் ஆய்வில் அவர் படித்தார். கை நகராமலே கர்சரை நகர்த்த முடிந்தால் என்ன என்று யோசித்தார். பிறகு ஐபிஎம் நிறுவனத்தில் ஜோசப் ரட்லெட்ஜுடன் சேர்ந்து அதைச் செய்து காட்டினார். 1992 அக்டோபரில் வெளிவந்த திங்க்பேட் 700சி மாடலில் ஜி, எச், பி விசைகளுக்கு நடுவே அது வந்து உட்கார்ந்தது. (ஐபிஎம்மில் சிவப்பு நிறம் அவசர நிறுத்தப் பொத்தானுக்கு மட்டும் உரியது. அதனால் வடிவமைப்பாளர்கள் இந்த நிறத்தை 'மெஜந்தா' என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினார்களாம். எனக்கு மிகவும் பிடித்த கதை இது.)

முக்கால் நொடி ஒரு பெரிய விஷயமா என்று மகன் கேட்கலாம். ஒரு முறை என்றால் ஒன்றுமில்லை. ஆனால் நீங்கள் வேலை செய்வதைப் பாருங்கள். ஒரு வாக்கியம் தட்டுகிறீர்கள், மூலத்தில் ஒரு சொல்லைத் தேடிப் போகிறீர்கள், திரும்பி வந்து ஒரு விகுதியைத் திருத்துகிறீர்கள், மறுபடி தட்டுகிறீர்கள். ஒரு மணி நேரத்தில் இது எத்தனை முறை! ஒவ்வொரு முறையும் கை கீழே இறங்கி ஏறினால், எஃப், ஜே விசைகளில் இருக்கும் சிறு மேட்டை விரல் மறுபடி தேட வேண்டும். நேரம் போவதைவிட, தேடும்போது கண் திரையை விட்டு இறங்குகிறதே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மனதில் பாதி உருவான வாக்கியம் அந்த இடைவெளியில் நழுவிவிடும். மொழிபெயர்ப்பாளருக்கு அந்த இழப்பு என்னவென்று நான் சொல்லத் தேவையில்லை.

டச்பேடையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். டச்பேடில் விரல் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம் கர்சர் போகும். யாருக்கும் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். குமிழ் அப்படியல்ல. அது நகர்வதே இல்லை, நீங்கள் எவ்வளவு அழுத்தித் தள்ளுகிறீர்களோ அவ்வளவு வேகமாகக் கர்சர் ஓடும். இது கைக்கு வர நாள் பிடிக்கும். தட்டச்சே இல்லாமல் திரையில் அங்கும் இங்கும் சொடுக்குவது மட்டும்தான் வேலை என்றால் மவுஸோடு குமிழ் போட்டிபோட முடியாது. படத்தைப் பெரிதாக்க, பக்கத்தைச் சுழற்ற, இரண்டு மூன்று விரல்களால் செய்யும் எல்லாவற்றுக்கும் டச்பேடே வசதி. உங்கள் மகன் தன் வேலைக்குச் சரியானதைத்தான் சொல்கிறார்.

பழகிய வடிவத்தை விட மறுப்பவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல. ஐபிஎம்மின் தனிநபர் கணினிப் பிரிவை 2005-இல் வாங்கிய லெனோவோ, 2013-இல் குமிழுக்கென்று விசைப்பலகைக்குக் கீழே இருந்த தனிச் சொடுக்குப் பொத்தான்களை எடுத்துவிட்டு டச்பேடின் மேல் விளிம்பையே அழுத்தும்படி செய்தது. குமிழ் இருந்தது, ஆனால் கட்டை விரலுக்குப் பொத்தான் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பயனர்கள் கொதித்துப்போனார்கள். 2015-இல் பொத்தான்கள் திரும்பி வந்தன. 2017-இல், 25-ஆம் ஆண்டு நினைவாக, பழைய ஏழு வரிசை விசைப்பலகையோடு ஒரு சிறப்பு மாடலே வெளியிட்டார்கள். ஆனால் 2025-இல் அறிமுகமான எக்ஸ்9 வரிசையில் குமிழ் இல்லை. அதனால் திங்க்பேட் என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள்.

நம்மிடையே இதற்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. முதல் தமிழ் இணைய மாநாடு 1997-இல் இங்கே சிங்கப்பூரில்தான் நடந்தது. அதில் முன்னின்று உழைத்தவர் நா. கோவிந்தசாமி. 1999-இல் சென்னையில் தமிழ்99 விசைப்பலகை முறை ஏற்கப்பட்டது. அது எவ்வளவு நல்ல முறையானாலும், ரோமன் எழுத்து வழியே 'அம்மா' என்று தட்டிப் பழகியவரை மாறச் சொல்லிப் பாருங்கள்! விரல் பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்தது அறிவுதான். அதை ஒரே நாளில் கீழே போடச் சொல்வதற்கு நல்ல காரணம் வேண்டும். 'இது பழசு' என்பது போதுமான காரணமில்லை.

சரி, கர்சர் நகர்வதும் விரல் வலியும். இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே மூலம்: தேய்ந்த தொப்பி. குமிழின் மேல் இருக்கும் ரப்பர் தொப்பி வியர்வையிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் வழவழத்துப் போகும். விரல் வழுக்கும், நீங்கள் அறியாமலே இன்னும் அழுத்துவீர்கள், நுனி வலிக்கும். அதே அழுத்தம்தான் கர்சரையும் கெடுக்கிறது. குமிழுக்கு அடியில் அழுத்தத்தை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. நீங்கள் ஒரே திசையில் விடாமல் தள்ளிக்கொண்டே இருந்தால், அதுவே ஓய்வு நிலை என்று குமிழ் எடுத்துக்கொள்ளும். விரலை எடுத்ததும் கர்சர் எதிர்ப்பக்கம் ஊரும். அப்போது அதோடு மல்லுக்கட்டாமல் சில நொடிகள் கையை எடுத்துவிடுங்கள், தானே சரியாகிவிடும்.

புதுத் தொப்பி ஒன்று போடுங்கள். அப்புறம் மவுஸ் அமைப்புகளுக்குள் போய்க் குமிழின் உணர்திறனைக் கூட்டுங்கள். லேசாகச் சாய்த்தாலே கர்சர் ஓட வேண்டும். முதல் இரண்டு நாள் இலக்கைத் தாண்டி ஓடும், பிறகு கை அடங்கிவிடும். நீண்ட பக்கங்களை உருட்ட, நடுப் பொத்தானை அழுத்திக்கொண்டே குமிழைத் தள்ளலாம். பன்னிரண்டு ஆண்டு பழகியவர்களிலும் பலருக்கு இது தெரியாது. இவ்வளவு செய்தும் வலி தீராவிட்டால், அல்லது விரல் மரத்துப்போனால், தள்ளிப்போடாமல் பலதுறை மருந்தகத்தில் காட்டுங்கள்.

கணினியை ஏன் மாற்றச் சொல்கிறேன்? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்கள் கணினியின் வயதுக்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. வாடிக்கையாளர்களின் ஆவணங்களும் வங்கிக் கணக்கும் அதில்தானே இருக்கின்றன.

குமிழ் உள்ள புதிய மாடல்கள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. செலவைக் குறைக்க வேண்டுமானால், நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டு பயன்படுத்திவிட்டுக் கழித்த கணினிகளைச் செப்பனிட்டு விற்கும் கடைகள் சிம் லிம் ஸ்குவேரில் உண்டு. விண்டோஸ் 11 ஓடும் மாடலா என்று முதலில் கேளுங்கள். அங்கே கடைக்காரர் காட்டும் வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் மொழிபெயர்க்கும் பத்தி ஒன்றைப் பத்து நிமிடம் அங்கேயே தட்டிப் பாருங்கள். மூன்று பொத்தான்களும் அழுந்துகின்றனவா, கையை எடுத்த பிறகு கர்சர் அசையாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். குமிழ் விசைப்பலகையோடு சேர்ந்தே வருவதால், அது கெட்டால் விசைப்பலகை முழுவதையும் மாற்ற நேரும். சில மெல்லிய மாடல்களில் அது பெரிய வேலை. தனியாரிடம் வாங்குவதைவிடக் கடையில் வாங்குவதையே நான் விரும்புவேன். குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்க 2012 முதல் இங்கே நடப்பில் இருக்கும் 'லெமன் சட்டம்' கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றுதான் பொதுவாகக் கருதப்படும்.

மகன் ஆசையாக மெல்லிய கணினியை ஏற்கெனவே வாங்கிவிட்டால் அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். குமிழோடு கூடிய தனி விசைப்பலகை இருக்கிறது, புளூடூத்தில் இணைக்கலாம். மேசையில் வேலை செய்யும் உங்களுக்கு அது நன்றாகவே பொருந்தும்.

ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். பழைய கணினியின் தொப்பியைப் பிரிய மனமில்லாமல் கழற்றிப் புதியதில் மாட்டாதீர்கள். மெல்லிய மாடல்களின் தொப்பி உயரம் குறைவு. பழையது அதில் துருத்திக்கொண்டு நிற்கும், மூடும்போது திரையை அழுத்தும். மாடல் எண்ணைச் சொல்லி அதற்குரிய தொப்பியையே கேட்டு வாங்குங்கள்.