குளியலறைத் திரை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் திருச்சியில் காட்சித் தொடர்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இறுதிப் பருவத்துக்காக நண்பர்கள் நால்வருடன் சேர்ந்து 12 நிமிட த்ரில்லர் குறும்படம் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அறைத்தோழன் செய்த திருட்டைத் தெரிந்துகொண்ட மாணவன் அன்றிரவே விடுதியின் பொதுக் குளியலறையில் கொல்லப்படுகிறான் என்பதுதான் கதை. கொலைக் காட்சிக்காகக் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் திரையை மாட்டி, அதன் பின்னால் நிழல் தெரியும்படி எடுத்தோம். எங்கள் விடுதியில் இரவு 10 மணிக்குத் தண்ணீர் நின்றுவிடும். அதிகாலை நாலரைக்கு மோட்டார் போட்டால்தான் மறுபடி வரும். அதனால் அந்த ஒரு காட்சிக்கே மூன்று இரவுகள் ஆகிவிட்டன.

முதல் வடிவத்தைப் பார்த்த எங்கள் பேராசிரியர், "நீ பார்த்த படமெல்லாம் இதில் இருக்கிறது, நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டார். நண்பர்களோ, உலகத்தில் எல்லாப் படமும் எதையாவது பார்த்து எடுத்ததுதானே என்கிறார்கள். எழுதி முடிக்கும் வரை படம் பார்ப்பதையே நிறுத்திவிட வேண்டுமா? ஒரு படத்திலிருந்து எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம்? இதில் சட்டச் சிக்கல் ஏதும் உண்டா? எந்தெந்தப் படங்களின் பாதிப்பு என்று திட்ட அறிக்கையில் எழுதினால் மதிப்பெண் குறைந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. படத்தின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

படத்தை இரண்டு முறை பார்த்தேன். உங்கள் பேராசிரியர் கேட்ட கேள்வி கடுமையானதுதான் என்றாலும் நியாயமானது என்றே எனக்கும் படுகிறது. உங்கள் நண்பர்கள் சொல்வதும் தவறில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாக இருக்க முடியும் என்பதை அந்தப் பிளாஸ்டிக் திரையை வைத்தே சொல்லிவிடலாம்.

அது எங்கிருந்து வந்தது என்று படம் பார்க்கும் எவருக்கும் தெரியும். ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' 1960இல் வந்தது. அந்தக் குளியலறைக் கொலை படத்தில் ஒரு நிமிடம்கூட நீடிப்பதில்லை. அதை எடுக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. 78 கேமரா நிலைகள், 52 படத்தொகுப்பு வெட்டுகள் என்ற கணக்கைத் திரைப்படப் பள்ளிகளில் மந்திரம்போலச் சொல்வார்கள். இரத்தத்துக்குச் சாக்லேட் பாகைப் பயன்படுத்தினார்கள் என்பதும், கத்தி இறங்கும் ஓசைக்கு முலாம்பழத்தைக் குத்தினார்கள் என்பதும் நீங்கள் படித்திருக்கக்கூடியவையே. ஆனால் அந்தக் காட்சியின் வலிமை குளியலறைக்குள் தொடங்குவதில்லை. 40,000 டாலரைத் திருடிக்கொண்டு ஓடிவந்த பெண், அன்றிரவு மனம் மாறி, ஊருக்குத் திரும்பிப் பணத்தை ஒப்படைத்துவிடலாம் என்று முடிவெடுக்கிறாள். செலவான தொகையை ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்து, அதைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடுகிறாள். அதன் பிறகுதான் குளிக்கப் போகிறாள். கதை ஒரு முடிவுக்கு வந்துவிட்டது, இனி அவள் பிழைத்துக்கொள்வாள் என்று நாம் மூச்சு விடும் அந்தத் தருணத்தில், திரைக்கு அப்பால் நெருங்கும் நிழலை, அவள் பார்க்காததை, நாம் மட்டும் பார்க்கிறோம். திரையின் வேலை அதுதான்: பார்வையாளனுக்குத் தெரியவேண்டும், பாத்திரத்துக்குத் தெரியக்கூடாது. அமெரிக்க விடுதி அறையில் அந்த வேலைக்குத் தேடிப்போய் எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. திரை ஏற்கெனவே அங்கே தொங்கிக்கொண்டிருந்தது.

உங்கள் விடுதியில் அது தொங்கவில்லை. நீங்கள்தான் வாங்கிக்கொண்டு போய் மாட்டினீர்கள். உங்கள் குளியலறையில் ஷவரே இல்லை, வாளியும் மக்கும்தான் இருக்கின்றன என்பது உங்கள் படத்தின் இரண்டாவது நிமிடத்திலேயே தெரிகிறது. ஆகவே எட்டாவது நிமிடத்தில் அந்தத் திரை வந்ததும், பார்ப்பவன் உங்கள் விடுதியை விட்டு வெளியேறி இன்னொரு படத்துக்குள் போய்விடுகிறான். அவனை நீங்களே அனுப்பிவைத்துவிட்டீர்கள். பேராசிரியர் கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது அதே படத்தின் இரண்டாவது நிமிடத்தை நீங்களே மறுபடி பாருங்கள். நீளமான நடை, வரிசையாகத் தகரக் கதவுகள், ஒவ்வொரு கதவுக்கும் கீழே ஒரு சாண் இடைவெளி, மூடிய கதவுகளுக்கு முன்னால் கழற்றிவிட்ட செருப்புகள். விடுதியில் இருந்தவர்களுக்குத் தெரியும், உள்ளே யார் என்று கதவைத் தட்டிக் கேட்கவேண்டியதில்லை, செருப்பே சொல்லிவிடும். உங்கள் நாயகனின் நீல வார் ரப்பர் செருப்பை முதல் காட்சியிலேயே காட்டிவிட்டீர்கள், அதுவும் ஒரு பக்கம் ஊக்கு குத்தியிருப்பது தெரியும்படி. அந்தச் செருப்பு வெளியே கிடக்கும் கதவுக்கு முன்னால் இன்னொரு ஜோடி செருப்பு வந்து நின்றால், உள்ளே இருப்பவனுக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும். ஹிட்ச்காக்கின் திரை செய்த வேலையை அது அப்படியே செய்யும். அதைப் பார்த்துவிட்டு 'சைக்கோ'வை நினைக்க யாருக்கும் தோன்றாது. நீங்கள் கடன் வாங்கியிருப்பீர்கள், ஆனால் உங்கள் வீட்டுப் பாத்திரத்தில் வாங்கியிருப்பீர்கள்.

நம் மொழியிலேயே இதை மிக அழகாகச் செய்து காட்டிய படம் ஒன்று உண்டு. எஸ். பாலசந்தர் இயக்கி 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் வந்த 'அந்த நாள்'. ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ரஷோமோன்' படத்தைத் திரைப்பட விழா ஒன்றில் பார்த்த பாதிப்பில் அவர் இதை உருவாக்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அதே காலத்துப் பிரிட்டிஷ் படம் ஒன்றோடும் இதை ஒப்பிட்டிருக்கிறார்கள். ஒரு மரணம், அதைப் பற்றிப் பலர் சொல்லும் வெவ்வேறு கதைகள் என்ற அமைப்பு குரோசாவாவுடையது. பாலசந்தர் அதை 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் குண்டு வீசிய சென்னைக்குக் கொண்டுவந்தார். இறந்தவன் ஒரு வானொலிப் பொறியாளன். ஒரு பாட்டுகூட இல்லாமல், போர்க்கால நகரத்தின் பயத்தை வைத்தே படம் நகர்கிறது.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பாருங்கள் என்று நான் எல்லா மாணவர்களிடமும் சொல்வேன். 'ரஷோமோ'னில் கொள்ளையன், மனைவி, இறந்த சாமுராயின் ஆவி ஆகிய மூவரும் அந்தச் சாவு தங்கள் தங்கள் கையாலேயே நேர்ந்தது என்பதுபோலவே கதை சொல்கிறார்கள். அவரவர் மானத்தைக் காத்துக்கொள்ளச் சொல்லும் பொய்கள் அவை. 'அந்த நாள்' படத்திலோ விசாரிக்கப்படுகிறவர்கள் தங்களை விட்டுவிட்டு இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள். தம்பி, தம்பியின் மனைவி, ஆசைநாயகி, எதிர்வீட்டுக்காரர் என்று ஒரு குடும்பத்தையும் தெருவையும் சுற்றிச் சுற்றி வருகிறது சந்தேகம். குரோசாவாவின் கேள்வி, மனிதன் தன்னைப் பற்றி உண்மை பேசுவானா என்பது. உண்மை கடைசிவரை தெளியாமலேயே நின்றுவிடுகிறது. பாலசந்தரின் கேள்வி வேறு, முடிவும் வேறு. நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்றால் அதைச் சொல்லிக் கெடுக்க எனக்கு மனமில்லை. குரோசாவாவும் வெறுங்கையோடு தொடங்கியவர் அல்லர். அகுதாகவாவின் ஒரு சிறுகதையிலிருந்து கொலையையும், இன்னொரு சிறுகதையிலிருந்து மழை பெய்யும் அந்த இடிந்த வாயிலையும் எடுத்துத்தான் அவர் படத்தைக் கட்டினார்.

முன்னோர் நூலின் முடிபோடு ஒத்துப்போய், 'பின்னோன் வேண்டும் விகற்பம்', அதாவது பின்னால் வருபவன் விரும்பும் வேறுபாடு, கூறுவது வழிநூல் என்கிறது நன்னூல். இலக்கணக்காரர்கள் வழிநூலை இழிவாகச் சொல்லவில்லை, அதற்கு ஓர் இடத்தைக் கொடுத்தார்கள். ஆனால் விகற்பத்தைப் பின்னோன் வேண்ட வேண்டும் என்பதைக் கவனியுங்கள். கதாபாத்திரத்தின் பெயரையும் ஊரையும் மாற்றுவதால் விகற்பம் வந்துவிடாது. வேறு ஒன்றைக் கேட்க வேண்டும் என்ற தேவை உங்களுக்குள் எழுந்து, அந்தத் தேவை பழைய அமைப்பை வளைத்தால்தான் வரும்.

அடுத்து, படம் பார்ப்பதை நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். நிறையப் படங்களை ஒருமுறை பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு, ஒரே படத்தைப் பலமுறை பாருங்கள். ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஒருமுறை ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொரு காட்சியிலும் யாருக்கு என்ன தெரியும், நமக்கு என்ன தெரியும் என்று மட்டும் எழுதிக்கொண்டே போங்கள். ஒருமுறை மட்டும் பார்த்த படத்திலிருந்து ஷாட்டுகள்தான் மனத்தில் தங்கும், அதனால் ஷாட்டுகளைத்தான் திருடுவோம். பத்து முறை பார்த்த படத்திலிருந்து அதன் எலும்புக்கூடு தெரியத் தொடங்கும்.

எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு ஒரு சங்கிலியைச் சொல்கிறேன். இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனியின் 'ப்ளோ-அப்' 1966இல் வந்தது. ஒரு புகைப்படக்காரன் பூங்காவில் தற்செயலாக எடுத்த படத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்க, அதற்குள் ஒரு கொலை தெரிகிறது. அந்தப் படத்தின் பாதிப்பில் கொப்போலா 1974இல் 'தி கான்வர்சேஷன்' எடுத்தார். புகைப்படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒலிநாடாவை வைத்தார். ஒட்டுக்கேட்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவன், தான் பதிவு செய்த ஓர் ஆணும் பெண்ணும் பேசும் பேச்சைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்கிறான். 'வாய்ப்புக் கிடைத்தால் நம்மைக் கொன்றுவிடுவான்' என்று ஒரு வாக்கியம். 'கொன்றுவிடுவான்' என்பதில் அழுத்தம் விழுந்தால் அது பயந்தவர்களின் பேச்சு. 'நம்மை' என்பதில் விழுந்தால், அவன் கொல்வான் என்றால் நாம் ஏன் முந்திக்கொள்ளக் கூடாது என்ற திட்டம். படத்தொகுப்பும் ஒலியும் செய்த வால்டர் மர்ச், அந்த வாக்கியத்தின் வேறு ஒரு பதிவைக் கடைசியில் வைத்தார். புகைப்படத்தைப் பெரிதாக்கலாம், ஒலியைப் பெரிதாக்கினாலும் கேட்பவன் தன் மனத்தில் உள்ளதைத்தான் கேட்கிறான். இந்த ஒரு மாற்றத்திலிருந்து முற்றிலும் புதிய மனிதன் ஒருவன் பிறந்துவிட்டான். இந்தியில் குந்தன் ஷா 1983இல் எடுத்த 'ஜானே பீ தோ யாரோ'விலும் இரண்டு புகைப்படக்காரர்கள் படத்தைப் பெரிதாக்கித்தான் கொலையைக் கண்டுபிடிக்கிறார்கள். அங்கே அது ஊழலைப் பற்றிய நகைச்சுவையாகிறது. அந்தப் பூங்காவுக்கு 'அன்டோனியோனி பூங்கா' என்றே பெயர் வைத்துத் தன் கடனைப் படத்துக்குள்ளேயே எழுதிவிட்டார் அவர்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் படத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான். பின்னணி இசை. உங்களுக்குப் பிடித்த ஏதோ ஒரு த்ரில்லரின் இசையை முதலில் போட்டுக்கொண்டு, அதன் தாளத்துக்கு எடிட் செய்திருக்கிறீர்கள். இசை மாறும் இடத்தில் ஷாட் மாறுகிறது, நடிகனின் முகத்தில் ஏதாவது நடக்கிறதா என்று பார்க்காமலேயே. 'சைக்கோ'வின் அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொன்னார்; இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களை வைத்து எழுதிக் காட்டிய பிறகே மனம் மாறினார். படம் இசையில்லாமல் நிற்கக் கற்றுக்கொண்ட பிறகு இசை வந்தது. உங்கள் படத்தின் ஒலித்தடத்தை முழுவதும் நீக்கிவிட்டு, விடுதியின் ஓசைகளை மட்டும் வைத்து ஒருமுறை எடிட் செய்து பாருங்கள். சொட்டும் குழாய், சுழலும் மின்விசிறி, நடையில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு போகும் ஓசை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருத்து, கரு, கதைப்போக்கு ஆகியவற்றுக்குப் பதிப்புரிமை கிடையாது, அவற்றை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்பதை ஒரு நாடகத்துக்கும் இந்தித் திரைப்படத்துக்கும் இடையிலான வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. விடுதியில் கொலை என்பது யாருடைய சொத்தும் இல்லை. ஆனால் ஒரு படத்தின் வெளிப்பாட்டை அப்படியே எடுத்தால் கதை வேறு. குரோசாவாவின் 'யோஜிம்போ'வை அனுமதி பெறாமல் செர்ஜியோ லியோனே மேற்கத்தியக் கௌபாய் படமாக்கியபோது, பிரச்சினை வழக்குவரை போய், பணம் கொடுத்துத்தான் தீர்த்துக்கொள்ள நேர்ந்தது. உங்களைப் பொறுத்தவரை உடனடியாக நீக்கவேண்டியது அந்த இரவல் இசைதான். அது பாதிப்பு என்ற கணக்கில் வராது. இன்னொருவரின் பொருள் அப்படியே உங்கள் படத்தில் இருக்கிறது.

அறிக்கையில் எழுதுங்கள், தயங்காதீர்கள். ஆனால் படங்களின் பெயர்களை வரிசையாக அடுக்கி விட்டுவிடாதீர்கள். இந்தப் படத்தில் இந்தக் காட்சி என்ன வேலை செய்தது, அதே வேலையை என் விடுதியில் எது செய்யும் என்று தேடினேன், இதைக் கண்டுபிடித்தேன் என்று எழுதுங்கள். அப்படி ஒரு பக்கம் எழுத முடிந்தால், நான் அறிந்த எந்த நல்ல ஆசிரியரும் அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்கமாட்டார். எழுத முடியவில்லை என்றால் அந்தக் காட்சி இன்னும் உங்களுடையதாகவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வசதியில்லை என்பதை நினைத்து மனம் தளரவேண்டாம். நோலனின் முதல் முழுநீளப் படமான 'ஃபாலோயிங்' நண்பர்களை வைத்து, வாரக் கடைசிகளில் மட்டும் ஏறக்குறைய ஓராண்டு படமாக்கப்பட்டது. பிலிமைச் சேமிக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு காட்சியையும் நன்றாக ஒத்திகை பார்த்துவிட்டு ஓரிரு டேக்கில் முடித்தார்கள். ஸ்பெயினின் அமெனாபார், தான் படித்த மத்ரித் பல்கலைக்கழகத்தின் கட்டடத்திலேயே 1996இல் 'டெஸிஸ்' எடுத்தார். வன்முறைக் காட்சிகளைப் பற்றி ஆய்வேடு எழுதும் ஒரு மாணவிதான் அதன் நாயகி. தினமும் நடந்த நடைகளில்தான் அவர் பயத்தைத் தேடினார்.

உங்கள் கடிதத்தில் ஒரு குறையாகச் சொல்லியிருந்த விஷயத்துக்கு இப்போது வருகிறேன். இரவு 10 மணிக்குத் தண்ணீர் நின்றுவிடும், நாலரைக்குத்தான் மறுபடி வரும். குளித்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் நின்றுபோனால், குழாயை மூட எத்தனை பேருக்கு நினைவு வரும்? கொலை பத்தேகாலுக்கு நடக்கிறது என்று வையுங்கள். குழாய் திறந்தபடியே கிடக்கிறது, அடியில் ஒரு காலி வாளி. கொன்றவன் கதவைச் சாத்திவிட்டு, வெளியே கிடந்த நீல வார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்ப் படுத்துவிடுகிறான். குழாயை அவன் கவனிக்கவில்லை, நாம் கவனித்துவிட்டோம். நாலரைக்கு மோட்டார் ஓடத் தொடங்கினால் வாளி நிரம்பி, வழிந்து, கதவுக்குக் கீழே உள்ள இடைவெளி வழியாக நடைக்குத் தண்ணீர் வரும். அது வெறும் தண்ணீராக இருக்காது. இரவு 2 மணிக்கு அவனுக்குக் குழாய் நினைவுக்கு வரலாம், வராமலும் போகலாம். அந்த ஆறே கால் மணி நேரத்தை நான்கு நிமிடத்தில் எப்படிக் காட்டுவது என்பதை நீங்களும் நண்பர்களும் உட்கார்ந்து யோசியுங்கள்.

மறுபடி எடுக்க நேரம் இருந்தால் எடுத்துவிட்டு, புதிய வடிவத்தை அனுப்புங்கள். உடனே பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்.